டைல்ஸ்காரர் பள்ளம்

சம்மன் வந்த நேரத்தில் டீச்சரின் கால் பிரேக்கின் மேல் இருந்தது. ஓட்டுநர் பள்ளிக் கார்களில் இடது பக்க இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் வலது பக்கம் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என்ன கூத்தடித்தாலும், கடைசியில் வண்டியை நிறுத்துவது அந்தக் கால்தான். அன்றைக்குக் கூத்தடித்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தியவர், மைதானத்தில் எட்டுப் போடச் சொன்னால் பூஜ்யமாகப் போட்டுக்கொண்டிருந்தார். நீதிமன்ற ஊழியர் கையில் காகிதத்தோடு அந்தப் பூஜ்யத்தைச் சுற்றி வண்டியோடு கூடவே நடந்து வந்தார்.

"டீச்சர், ஒரு கையெழுத்து வேணும்."

"வண்டி ஓடிட்டிருக்கு, தெரியலையா? தள்ளி நில்லுங்க. சார் உங்க கால்மேல ஏத்திடுவார்."

"நான் எங்கம்மா ஏத்தறேன்?" என்று வாத்தியாருக்கு ரோஷம் வந்தது. ரோஷத்தில் கிளட்சை விட்டுவிட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. அந்த ஊழியரும் இவளிடம் ஓட்டக் கற்றவர்தான். எல்லாம் வந்தது, ரிவர்ஸ் மட்டும் வரவேயில்லை. இன்றைக்கும் முன்பக்கமாகவே வெளியே போக வழியிருக்கிற இடமாகப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துகிறார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். காகிதத்தை நீட்டும்போது அவர் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. "என்மேல கோவப்படாதீங்க டீச்சர், கொடுக்கறது என் வேலை" என்றார்.

அவள் படித்தாள். நகராட்சித் தலைவர் அவள் மேல் அவதூறு வழக்குப் போட்டிருந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"என்ன டீச்சர், ஃபைனா?" என்றார் வாத்தியார்.

"இல்ல சார். பள்ளம்" என்றாள் அவள். "சாவியைத் திருப்புங்க. எட்டு இன்னும் வரல."

ஊரில் டீச்சர் என்றால் அவள்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்களைக்கூட மிஸ், மேடம் என்று கூப்பிடுகிறார்கள். இவளைத்தான் காய்கறிக்காரரிலிருந்து கண் டாக்டர் வரைக்கும் டீச்சர் என்பார்கள். பாதி ஊர் அவளிடம் திட்டு வாங்கித்தான் ஓட்டப் பழகியது. திட்டு என்றால் சும்மா இல்லை. "கண்ணு எங்க இருக்கு, பாக்கெட்லயா?" என்பாள். "ரோடு உங்க மாமனார் கொடுத்ததா?" என்பாள். ஆனால் அவளிடம் படித்துவிட்டுப் போனவர்கள் விபத்தில் சிக்கியதாகக் கேள்விப்பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது அவளுக்கு.

ஓட்டச் சொல்லிக் கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பயந்து கிடக்கிறவரிடம் இத்தனை மீட்டர் தள்ளி, இந்தத் திசையில் என்றெல்லாம் சொன்னால் ஏறவே ஏறாது. காதில் விழுந்ததும் கண் போய் நிற்கிற மாதிரி ஒரு பெயர் சொல்ல வேண்டும். அதனால் ஊர் முழுக்க அவள் பெயர் வைத்திருந்தாள். சாய்ந்து நிற்கும் மின்கம்பம் கோணவாயன். எப்போதும் இரண்டு வண்டிக்காரர்கள் கத்திக்கொண்டிருக்கும் முனை சண்டைக்கார வளைவு. வர்ணம் போய், கிட்டே போகும் வரை கண்ணுக்கே தெரியாமல் இருந்து, போனதும் தூக்கிப் போடும் வேகத்தடை மாமியார். "மாமியார் வர்றாங்க, காலை எடுங்க" என்றால் யாருக்கும் மறக்காது.

அந்த வரிசையில் ஆஸ்பத்திரி சாலை வளைவில் இடது பக்கம் இருந்த பள்ளத்துக்கு மட்டும் பெயர் மாறிக்கொண்டே வந்தது. யார் நகராட்சித் தலைவரோ அவர் பெயர். இது அவளாக வைத்துக்கொண்ட சட்டம். அவள் பள்ளி ஆரம்பித்த காலத்தில் அது மீசைக்காரர் பள்ளம். அவர் போய் டாக்டர் ஒருவர் தலைவரானார், டாக்டர் பள்ளம் ஆயிற்று. இப்போது டைல்ஸ் கடைக்காரர் தலைவர், அதனால் டைல்ஸ்காரர் பள்ளம். "டைல்ஸ்காரர் பள்ளம் வருது. செகண்ட் கியர். வலது பக்கம் ஒதுங்குங்க." இதைச் சொல்லாமல் அவள் ஒரு வகுப்பும் முடித்ததில்லை. மற்ற இரண்டு தலைவர்களும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்கள். மீசைக்காரர் ஒருமுறை கடைத்தெருவில் பார்த்து, "என் பள்ளம் எப்படிம்மா இருக்கு?" என்று விசாரிக்கக்கூடச் செய்தார்.

டைல்ஸ்காரர் அவளிடம் ஓட்டப் பழகியவர். டாக்டர் காலத்தில் பழகினார். முதல் நாள் அந்த வளைவில் டாக்டர் பள்ளம் என்று அவள் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆஸ்பத்திரிக்கு ஆள் சேர்க்கறதுக்குத் தோண்டி வெச்சிருக்கார் போல" என்றார். பிறகு தேர்தலில் நின்றபோது அதையே மேடைக்கு மேடை சொன்னார், கைதட்டல் வாங்கினார், ஜெயித்தார். அப்போதெல்லாம் அது அவதூறாக இல்லை போலும்.

ஜெயித்த பிறகு அவர் ஒன்றும் செய்யாமல் இல்லை. பள்ளத்தை மூடினார். மூடியது என்றால், கீழே ஏதோ குழாய் கசிந்து மண்ணை அரித்துக்கொண்டிருக்க, அதைத் தொடாமல் மேலே மண்ணைக் கொட்டி, ஒரு தோல் அளவுக்குத் தாரைப் பூசி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மழை வந்தது, மண் போயிற்று. மறுபடி மூடினார். மறுபடி போயிற்று. மூன்றாவது தடவை மூடிய பிறகுதான் அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா விழுந்தாள். டீச்சரிடம் ஸ்கூட்டர் பழகி, தேர்வில் முதல் தடவையே தேறிய பெண். வார்டில் நாள் பூராவும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிறவள். கணுக்கால் நொறுங்கிப் போயிற்று. கம்பி வைத்தார்கள். இனிமேல் வார்டில் நின்று வேலை பார்க்க முடியாது என்று சீட்டு எழுதும் ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவளைப் பார்க்கப் போனபோது அவள் சொன்னதை டீச்சரால் மறக்க முடியவில்லை.

"நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சு டீச்சர். வேகத்தைக் குறைச்சு, வலது பக்கம். ஆனா மேல அழகா மூடியிருந்துது. சரி பண்ணிட்டாங்கன்னு நம்பி நேரா போயிட்டேன்."

பள்ளம் பள்ளமாகவே இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கால் நல்லபடியாக இருந்திருக்கும். இதை நினைக்க நினைக்க டீச்சருக்கு உடம்பு பற்றி எரிந்தது. அந்த வாரம் செய்தி எடுக்கும் ஒருவர் மைக்கை நீட்டினார். பள்ளத்தின் ஓரத்திலேயே நின்று அவள் சொன்னாள். "இது பேரு டைல்ஸ்காரர் பள்ளம். இதைச் சரி பண்ணிட்டேன்னு அவர் சொல்றது பொய். பண்ணல. மூடி மறைச்சிருக்கார். ரோட்டுல மண்ணைப் போடறேன்னு நம்ம கண்ணுல போடறார்." ஊர் முழுக்கக் கைபேசிக்குக் கைபேசி அது ஓடியது. பேருந்து நடத்துநர்கள் அந்த நிறுத்தத்துக்கு ஆஸ்பத்திரி என்று சொல்வதை விட்டுவிட்டு டைல்ஸ்காரர் பள்ளம் என்று கூவத் தொடங்கினார்கள். தலைவருக்கு அதுதான் பொறுக்கவில்லை என்று சொன்னார்கள்.

அவள் புருஷன் பயந்த சுபாவம். பள்ளியின் முன்னறையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புவது, புகைப்படம் ஒட்டுவது, யாருக்கு எந்த நேரம் என்று பார்த்துச் சொல்வது எல்லாம் அவர் வேலை. அவருக்கு ஓட்டத் தெரியாது. பெண்டாட்டியிடம் கற்றுக்கொள்ளப் போய் இரண்டாம் நாளே வேண்டாம் சாமி என்று இறங்கியவர். சம்மனை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி படித்தார்.

"தப்புன்னு தீர்ப்பு வந்தா பள்ளி லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"இந்த வருஷம் புதுப்பிக்கணும்."

"அதுவும் தெரியும்."

"எல்லாம் தெரிஞ்சுதான் வாயைக் கொடுத்தியா?"

அவள் பின்பக்கம் போய்க் காரின் கண்ணாடிகளைத் துடைத்தாள். ஓட்டுநர் பள்ளிக் காரில் உள்ளே பின்னால் பார்க்கும் கண்ணாடி இரண்டு இருக்கும், ஓட்டுகிறவருக்கு ஒன்று, சொல்லிக் கொடுப்பவருக்கு ஒன்று. தன்னுடையதில் முகம் தெரிந்தபோது, பள்ளியை இழுத்து மூடிவிட்டால் இந்த முகத்துக்கு வேறு என்ன வேலை தெரியும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. பயம்தான் வந்தது. அதை நாம் மறைத்துச் சொல்வானேன்?

வக்கீலாக வந்தவரும் பழைய மாணவர்தான். ஓட்டுநர் தேர்வில் மூன்று தடவை தோற்று, நான்காவது தடவை அதிகாரியே அலுத்துப் போய்த் தேற வைத்த ஆள். எதிரே லாரி வந்தால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொள்வார். அப்படிப்பட்டவர் கையில் தன்னை ஒப்படைக்கும் நாள் வரும் என்று டீச்சர் நினைத்ததே இல்லை. ஆனால் நீதிமன்றத்தில் அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். நீதிபதி ஒரு பெண்மணி. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒரே ஊர்க்காரங்க. பேசி முடிக்க முடியுமான்னு பாத்துட்டு அடுத்த தேதிக்கு வாங்க" என்றார்.

பேசி முடிப்பது என்றால் என்ன என்பதைத் தலைவரின் வக்கீல் ஒரு காகிதத்தில் அடித்தே வைத்திருந்தார். மூன்று வரி. தலைவரின் பெயரைப் பள்ளத்துக்கு வைத்தது தவறு. ஆஸ்பத்திரி சாலையில் பள்ளம் எதுவும் இல்லை, மூடி மறைத்ததாகச் சொன்னது பொய். இதற்காக வருந்துகிறேன். கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வழக்கு வாபஸ்.

"நல்ல டீல் டீச்சர்" என்றார் அவள் வக்கீல் தாழ்ந்த குரலில்.

"முதல் வரி சரி. மூணாவது வரியும் போனாப் போகுது. ரெண்டாவதை அடிச்சிடச் சொல்லுங்க."

"ரெண்டாவதுக்காகத்தான் இந்தக் காகிதமே."

"அப்ப இந்தக் காகிதமே வேணாம்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த புருஷன் நெற்றியில் அடித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவருக்குக் கோபத்தின் உச்சம்.

அடுத்த தேதி வருவதற்குள் தலைவர் ஒரு காரியம் செய்தார். ஆஸ்பத்திரி சாலை வளைவில் ரோலர் வந்தது, தார் வந்தது, ஆட்கள் வந்தார்கள். ஒரு நாள் வழியை அடைத்து வைத்திருந்தார்கள். மறுநாள் திறந்தபோது பள்ளம் இருந்த இடம் கன்னங்கரேலென்று வழவழப்பாக, மற்ற சாலையே வெட்கப்படுகிற மாதிரி இருந்தது. புருஷன் போய்ப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். அவருக்கு முகமெல்லாம் பல்.

"சரி பண்ணிட்டாங்கம்மா! இந்தத் தடவை நிஜமாவே பண்ணியிருக்காங்க. இனிமே என்ன? பள்ளம் இல்லன்னு எழுதிக் கொடுத்தா அது உண்மைதானே?"

அவளும் போய்ப் பார்த்தாள். வண்டிகள் போகாத இடைவெளியில் குந்தி உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தாள். செருப்புக் காலால் தட்டிப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. கீழே என்ன இருக்கிறது என்று கை சொல்லுமா, செருப்பு சொல்லுமா? அவளுக்கு முதல் தடவையாகத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. வீம்புக்கு நிற்கிறோமோ? நாலு பேர் பார்த்துக் கைதட்டிய வீடியோ தலைக்கு ஏறிவிட்டதோ? ஆஸ்பத்திரிக்குள் போய்ச் சீட்டு எழுதும் ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். உள்ளே நர்ஸம்மா ஒரு காலை ஸ்டூலின் மேல் நீட்டி வைத்தபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

"வெளிய பாத்தியா? ரோடு போட்டிருக்காங்க."

"பாத்தேன் டீச்சர்."

"எப்படி இருக்கு?"

நர்ஸம்மா அடுத்த ஆளுக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். "அழகா இருக்கு. அன்னிக்கும் அழகாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். குற்றம் சொல்லும் குரல்கூட இல்லை. டீச்சர் திரும்பி நடந்தாள். நம்புவதா வேண்டாமா என்பது மட்டும் தெளியவில்லை. உண்மையாகவே சரி செய்திருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவது என்று அன்று இரவு சாப்பிடும்போது புருஷனிடம் ஒப்புக்கொண்டாள். அவர் உடனே பேனாவைத் தேடப் போனார்.

விசாரணைக்கு முதல் நாள் காலை, முதல் வகுப்பு நேரத்துக்கு மைதானத்தில் வாத்தியாருக்காகக் காத்திருந்தாள். வந்தது தலைவரின் கார். ஓட்டுநரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தலைவர் மட்டும் இறங்கி வந்தார். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தார். மற்றபடி அதே சிரிப்பு.

"டீச்சர், இன்னிக்கு முதல் க்ளாஸ் எனக்குக் கொடுங்க. நானே ஓட்டி எவ்வளவு நாளாச்சு!"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மாணவர் மாணவர்தான். அவர் வலது பக்கம் உட்கார்ந்தார். இருக்கையைச் சரி செய்தார், கண்ணாடியைத் திருப்பினார், பெல்ட்டைப் போட்டார். எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்த வரிசையில். வண்டி தெருவுக்கு வந்தது.

"கிளட்ச்ல இருந்து காலை எடுங்க."

"இன்னும் அதையேதான் சொல்றீங்களா?"

"இன்னும் அதையேதான் பண்றீங்களா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோணவாயனைத் தாண்டினார்கள். மாமியாருக்கு முன்னால் அவர் தானாகவே வேகத்தைக் குறைத்தார். அதன் பிறகு சிரிப்பு அடங்கி, சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"டீச்சர், அந்தப் பள்ளம் எனக்கு முன்னாடியே இருந்தது. உங்களுக்குத் தெரியும். மீசைக்காரரைப் பத்திப் பேட்டி இல்ல, டாக்டர் மேல வீடியோ இல்ல. என்னை மட்டும் ஏன் சந்தி சிரிக்க வெச்சீங்க? என் பொண்ணை ஸ்கூல்ல டைல்ஸ் பள்ளம்னு கூப்பிடறாங்க. வீட்டுக்கு வந்து அழுவுது."

அது அவளுக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லவில்லை அவர். குரலில் தெரிந்தது.

"பேரை எடுத்துடறேன்" என்றாள். "இந்த நிமிஷத்துல இருந்து அந்தப் பேரு இல்ல. கண்டக்டருங்க கிட்டயும் சொல்றேன். இது உங்க பொண்ணுக்காக. கோர்ட்டுக்காக இல்ல."

"ரொம்ப நன்றி டீச்சர். அப்ப கையெழுத்து?"

"ரெண்டாவது வரியை எடுத்துட்டு வாங்க, போடறேன்."

"அதை எடுத்தா சரி பண்ணினேன்னு நான் சொன்னது பொய்யாயிடுமே."

"அதை வெச்சா நான் சொன்னது பொய்யாயிடும்."

"ஐயோ டீச்சர், இப்பதான் அங்க பள்ளமே இல்லையே! அன்னிக்கு நானே பக்கத்துல நின்னு போடச் சொன்னேன். கண்ணாடி மாதிரி இருக்கு. வாங்க, காட்டறேன்."

ஆஸ்பத்திரி சாலைக்குள் வண்டி திரும்பியது. காலை வெயிலில் புதுத் தார் தூரத்திலேயே பளபளத்தது. எதிரே வண்டி எதுவும் இல்லை. அவள் மனசுக்குள் பாதி கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தெருவில் பள்ளி இருக்கும், வாத்தியார் எட்டுப் போடக் கற்றுக்கொள்வார், புருஷன் நிம்மதியாகத் தூங்குவார். போதாதா?

"பாருங்க டீச்சர், எப்படிப் போட்டிருக்கோம்னு" என்று தலைவர் இடது கையை நீட்டிக் காட்டினார். காட்டிய கை அப்படியே கியருக்கு இறங்கியது. கால் கிளட்சை மிதித்தது. செகண்ட் கியர் விழுந்தது. வலது பக்க விளக்கு டிக் டிக் என்று அடித்தது. வண்டி அந்த வழவழப்பான கறுப்புத் தாரைத் தொடாமல், அதன் ஓரத்தைக்கூடத் தொடாமல், அழகாக வலது பக்கம் ஒதுங்கி வளைவைத் தாண்டி மறுபடி இடது பக்கம் வந்து சேர்ந்தது.

அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த திருப்பம் அது. அதைவிடச் சுத்தமாக யாரும் செய்து அவள் பார்த்ததில்லை.

தலைவரின் காது சிவந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, "பழக்கம் டீச்சர். நீங்க பழக்கினதுதான்" என்றார்.

மைதானத்துக்கு வந்து அவர் வண்டியை அணைத்துச் சாவியைக் கையில் கொடுத்த பிறகு அவள் கேட்டாள்.

"கீழ இருக்கற குழாயை மாத்தினீங்களா?"

அவர் மைதானத்தைப் பார்த்தார். "அதை மாத்தணும்னா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தோண்டணும். மாசக்கணக்குல ரோடு கிடக்கும். அப்புறம் அதுக்கும் ஒரு பேரு வைப்பீங்க."

"வைப்பேன். ஆனா யாரும் விழ மாட்டாங்க. தோண்டிப் போட்டா தெரியுமில்ல?"

"நாளைக்குக் கொஞ்சம் யோசிச்சு வாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். "நாம ஒதுங்கிப் போனதை யாரும் பாக்கல."

"நான் பாத்தேன்" என்றாள் அவள்.

அன்று அவள் வக்கீலிடம் நடந்ததைச் சொன்னாள். அவருக்கு உற்சாகம் வந்து, உடனே வடிந்தும் போயிற்று. "சொல்லலாம் டீச்சர். ஆனா அவர் இல்லன்னு சொல்வாரு. உங்க பேச்சு ஒண்ணு, அவர் பேச்சு ஒண்ணு. ரோடு பக்கத்துல பளபளன்னு நிக்கும். ரோட்டைத் தோண்டிப் பாக்கணும்னு மனு போடலாம். அனுமதி கிடைக்குமா, எப்ப கிடைக்கும், ஒண்ணும் சொல்ல முடியாது. தோத்தாலும் தோப்போம்" என்றார். தோற்றாலும் தோற்போம் என்பதைச் சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அது டீச்சருக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் நீதிமன்றத்தில் புருஷன் சட்டைப் பையில் பேனாவோடு வந்து உட்கார்ந்திருந்தார். நேற்று நடந்தது அவருக்கும் தெரியும். தெரிந்தும் பேனா வந்திருந்தது. பழகிய பயம் அவ்வளவு லேசில் விடுமா? நீதிபதி, "என்னம்மா, பேசிட்டீங்களா?" என்று கேட்டார்.

டீச்சர் எழுந்து நின்றாள். காரில் இருந்தால் கால் போய் பிரேக்கைத் தேடியிருக்கும். இங்கே வெறும் தரைதான்.

"பேசிட்டோம்மா. பேரு வெச்சதை எடுத்துட்டேன். அது அவர் பொண்ணுக்குச் சங்கடமா இருக்குன்னார், சரின்னுட்டேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னாலும் இங்கயே கேக்கறேன். ஆனா பள்ளம் இல்லன்னு எழுதித் தர மாட்டேன். பள்ளம் இருக்கு. அது மேல தார் இருக்கு. அவ்வளவுதான்."

"கையெழுத்துப் போடலேன்னா வழக்கு நடக்கும். என்ன ஆகும்னு உங்க வக்கீல் சொன்னாரா?"

"சொன்னார்மா. பள்ளி போனாலும் போகும்னார்."

"அப்புறமும்?"

"நான் அங்க நேரா போகலாம்னு எழுதிக் கொடுத்தா, என் கிட்டப் படிச்சவங்க நேரா போவாங்க. டீச்சர் சொன்னா கேக்கற ஊர் இது. நடக்கட்டும்மா வழக்கு."

அறையில் யாரோ இருமினார்கள். தலைவர் தன் கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொண்டார். நீதிபதி எழுதினார், அடுத்த தேதி சொன்னார். சாட்சிகளோடு வரச் சொன்னார். அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா என்று டீச்சருக்கே ஆச்சரியமாக இருந்தது. வெளியே நடையில் புருஷன் பேனாவைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையிலேயே வைத்தார்.

"இப்ப என்ன?" என்றார்.

"க்ளாஸ் இருக்கு. சார் காத்திட்டிருக்கார்."

"நானும் வரேன்."

"நீங்களா? வண்டியிலயா?"

"பின்னாடி உட்கார்றேன். திட்டாம ஓட்டச் சொல்லிக் கொடு, போதும்" என்றார். அவர் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடவில்லை என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதை மறைக்க, "கதவைச் சரியா சாத்துங்க" என்று அதட்டினாள்.

வாத்தியார் அன்றைக்கு நன்றாகவே ஓட்டினார். எட்டு வந்திருந்தது. மாமியாரிடம் மரியாதையாக நடந்துகொண்டார். ஆஸ்பத்திரி சாலைக்குள் திரும்பியதும் புதுத் தாரைப் பார்த்துவிட்டு, "இப்ப இதுக்கு என்ன பேரு டீச்சர்?" என்று கேட்டார்.

"பேரு இல்ல. செகண்ட் கியர். வலது பக்கம்."

"ரோடு நல்லாத்தானே இருக்கு?"

"சார், நீங்க கணக்கு வாத்தியார். நான் டீச்சர். ஒதுங்குங்க."

வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார். வளைவைத் தாண்டியதும், "அப்படியே ஓரமா நிறுத்துங்க, மறுபடி கிளப்பிப் பழகணும்" என்றாள் அவள். வண்டி மரத்தடியில் போய் நின்றது. கூரையின் மேல் சிவப்பு எழுத்துப் பலகையோடு நிற்கும் அந்தக் காரைச் சாலையில் வருகிற யாரும் பார்க்காமல் இருக்க முடியாது.

தற்செயலாகத்தான் தன் கண்ணாடியைப் பார்த்தாள். நீதிமன்றத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் தலைவரின் கார் வளைவுக்கு வந்துகொண்டிருந்தது. அவருடைய ஓட்டுநரும் அவளிடம் படித்தவர்தான். கார் வேகம் குறைந்தது. தார் ஆரம்பிக்கும் இடத்துக்கு ஒரு முழம் முன்னால், எந்தத் தடையும் இல்லாத பளபளப்பான சாலையில், அது அப்படியே நின்றுவிட்டது. ஓட்டுநரின் தலை பின்பக்கம் திரும்புவது கண்ணாடியில் தெரிந்தது. நேராகப் போவதா, ஒதுங்குவதா என்று கேட்கிறார் போலிருக்கிறது. பின் இருக்கையில் இருந்த உருவம் அசையவில்லை.

"நிக்கறாரே!" என்றார் புருஷன், பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தபடி.

"ம்."

அந்தக் காருக்குப் பின்னால் ஒரு பேருந்து வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு லாரி, இரண்டு ஸ்கூட்டர்கள். ஹாரன்கள் கிளம்பின. ஆஸ்பத்திரி ஜன்னல் ஒன்றில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். பேருந்திலிருந்து நடத்துநர் தலையை நீட்டி, "நல்ல ரோட்டுல எதுக்குய்யா நிறுத்தியிருக்க?" என்று கத்தினார்.

"கிளப்பட்டுமா டீச்சர்?" என்றார் வாத்தியார்.

"இருங்க சார்" என்றாள் அவள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் கால் பிரேக்கின் மேல் அழுந்தி இருந்தது. அங்கே புதுத் தாருக்கு முன்னால் தலைவரின் கார் நின்றுகொண்டே இருந்தது.